பட்டி பார்த்த படம்

முப்பது வருஷமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வெள்ளையில் பதினோரு வெள்ளை இருக்கிறது என்று மாடி வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு மத்தியானம் வந்து, கடையில் இருந்த வெள்ளை டப்பா அத்தனையையும் திறக்கச் சொல்லி, ஐஸ்கிரீம் குச்சிக்கு ஒரு சொட்டாகத் தொட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"கடை மாமா, இதுல எந்த வெள்ளை கத்தாம இருக்கு? சொல்லுங்க."

"வெள்ளை எங்கம்மா கத்தும்? உங்கம்மாதான் கத்துவா."

"ஐயோ, நல்லாப் பாருங்களேன்! இது நீலமா முறைக்குது. இது மஞ்சளா இளிக்குது." ஏழாவது குச்சியைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இதுதான் வாயத் திறக்காம நிக்குது. எனக்கு இது ஒரு டப்பா வேணும்."

நானும் குனிந்து பார்த்தேன். பாழாய்ப்போனவள் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்து தொலைத்தது. அன்றிலிருந்து யாராவது வந்து "சாதா வெள்ளை குடுங்க" என்றால் எரிச்சலாக வருகிறது.

அவளுடைய அம்மாவை எல்லோரும் மேஸ்திரியம்மா என்போம். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் தொழில். புருஷன் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து தெருவுக்கே சோப்புக்கட்டி கொடுத்துவிட்டுப் போவார். வீட்டை இழுப்பது இவள்தான். வேலை முடித்த சுவரைக் கண்ணால் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவாள். ஒரு மணல் பருமன் தட்டுப்பட்டால் போச்சு, அந்தச் சுவர் மறுபடி முதலிலிருந்து.

கூட வேலை செய்கிறவன் அவளுடைய தம்பி. அவனுக்கு எங்கள் தெருவில் பட்டி என்று பெயர். பெயிண்ட் அடிக்கும் முன் சுவரின் மேடுபள்ளத்தை மாவு மாதிரி ஒன்றைப் பூசிச் சமன் செய்வதைப் பட்டி பார்ப்பது என்போம். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அக்கா எள் என்றால் எண்ணெயாக நிற்பான். ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஒரு வீட்டில் சுவிட்சு வைப்பதற்கென்று விட்டிருந்த குழியையே பட்டி பார்த்து மூடிவிட்டான். மின்வேலைக்காரர் வந்து அரை நாள் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தப் பெண் படம் வரைந்தாள். அவள் கையில் எப்போதும் தடித்த நோட்டு ஒன்று இருக்கும். தினமும் வரைவாள். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். இன்றைக்கு ஒன்றை முழுசாக வரைந்தால், நாளைக்கு அதையே கோடுகளைக் குறைத்து வரைய வேண்டும். மறுநாள் இன்னும் குறைத்து. ஆள் அடையாளம் போய்விட்டால் தோற்றுப்போனதாகக் கணக்கு. ஒரு தரம் என்னை வரைந்தாள். முதல் நாள் கல்லாப்பெட்டி, கண்ணாடி, பின்னால் அலமாரி எல்லாம் இருந்தது. ஐந்தாம் நாள் மொத்தமே மூன்று கோடு. ஒன்று என் முதுகு, ஒன்று மேஜை, நடுவில் இருந்த பெரிய வளைவு என் தொந்தி.

"எல்லாத்தையும் எடுத்தியே, இதையும் எடுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"அத எடுத்தா நீங்க இல்ல மாமா!" என்று குதித்தாள்.

மூன்று மாசத்துக்கு முன்னால் கல்லூரியில் முதல் மதிப்பீடு நடந்தது. அவளுடைய வாத்தியார் நோட்டைப் புரட்டிவிட்டு, "பயிற்சி நல்லா இருக்கு. படம் எங்க?" என்று கேட்டுவிட்டார். கடைசி மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு பெரிய படம் கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால் முழு வருஷமும் திரும்பப் படிக்க வேண்டும். மேஸ்திரியம்மா அதைக் கேட்டுவிட்டுச் சட்டியை இறக்கி வைத்தபடி சொன்னாள்: "திரும்பப் படிக்கிறதெல்லாம் நம்ம வீட்டுக்குக் கட்டாது. பாஸ் பண்ணலன்னா நோட்ட மூடி வெச்சிட்டு என்கூட வேலைக்கு வா." கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் பெண்ணுக்குப் பயம் பிடித்தது.

பயம் பிடித்ததும் வேகமும் பிடித்தது. புது நோட்டு ஒன்றைத் தொடங்கி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் வரைந்து தள்ளினாள். ஆறடிக்கு நாலடி ஒட்டுப்பலகை வாங்கினாள். பிரைமர் அடித்து, தேய்த்து, வாயைத் திறக்காத அந்த வெள்ளையை நாலு பூச்சு கொடுத்தாள். முன்னறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துப் பழைய போர்வை போட்டு மூடினாள். யாருக்கும் காட்டவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"முடிஞ்சிருச்சு மாமா! இருநூத்தி நாப்பது பக்கம் வரைஞ்சேன், கடைசில வந்துருச்சு! ஒரே இழுப்பு! மூச்ச விடாம ஒரே இழுப்பு!"

"என்னம்மா வந்துச்சு?"

"சனிக்கிழமை மதிப்பீடு முடியட்டும், சொல்றேன். அம்மாகிட்டயும் மூச்சு விடல."

இனி நான் சொல்லப்போவதில் எனக்கும் பங்கு உண்டு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நானும்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சுவர் வேலையை நிறுத்திவிட்டு அக்காளும் தம்பியும் நனைந்துகொண்டு வந்து மாடி ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியம்மா மட்டும் ஈரத் தலையோடு கடைக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, விரிசலுக்கு வெக்கிறதுல ஒசத்தியா, சீக்கிரம் காயிற மாதிரி ஒண்ணு குடுங்க."

"என்னாச்சு?"

"ஜன்னல் வழியா சாரல் அடிக்குதுன்னு பாப்பா பலகைய நகத்தினேன். போர்வை நழுவிருச்சு. பாத்தா, பலகை விரிசல் விட்ருக்குண்ணே! கீழேர்ந்து மேல வரைக்கும் மெல்லிசா ஓடுது. பாவி, இன்னும் படமே ஆரம்பிக்கல, வெள்ளை மட்டும்தான் அடிச்சு வெச்சிருக்கு. நாளைக்குக் காலைல கொண்டுபோகணும். இதப் பாத்தா அது உக்காந்து அழுவும்."

"கடையில விக்கிற ஒட்டுப்பலகை லட்சணம் அப்படித்தான்" என்று நானும் ஒத்து ஊதினேன். உயர்ந்த சரக்காக எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா? "மேலாப்ல பூசாத. விரிசல நல்லாக் கீறி வாயத் தெறந்துவிட்டு அப்புறம் பூசு" என்று புத்தி வேறு சொன்னேன்.

"எனக்கேவா?" என்றாள்.

"அவ வாங்கின அதே வெள்ளை இருக்கு. கால் டப்பா தரட்டா?"

"குடுங்க. ஒட்டுப் போட்டதே தெரியக் கூடாது."

பிறகு மழைச் சத்தத்தோடு மாடியில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தமும் கேட்டது. மின்விசிறி ஓடுகிற சத்தம். பட்டி ஏதோ பாட்டை முனகுகிற சத்தம். எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு வீடே சேர்ந்து உதவி செய்கிறது பாருங்கள் என்று வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் பெருமை அடித்தேன்.

இரண்டு மணிக்குப் பெண் வந்து படி ஏறினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், சந்தோஷக் கூச்சல் கேட்குமென்று. கூச்சல் கேட்டது. சந்தோஷம் இல்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

பலகை அறை நடுவில் நின்றது. பளிங்கு கெட்டது போங்கள். ஒரு கீறல் இல்லை, ஒரு மேடு இல்லை. பட்டி வாயெல்லாம் பல்லாக நின்றவன், அப்படியே பல்லை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். பெண் பலகையின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா? எங்க போச்சும்மா அது?"

"எதுடி?"

"கோடு! நான் போட்ட கோடு!"

மேஸ்திரியம்மா கையிலிருந்த பூச்சுத் தகட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கோடா? அது விரிசல்டி. நானே கீறி எடுத்தேன்."

"கீறி எடுத்தியா?"

"கீறாம பூசுனா ஒரு மழைக்குத் தாங்காது."

"ஐயோ அம்மா! அதுதாம்மா என் படம்! அந்த ஒரு கோடுதான் படம்!"

பட்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஒரு கோடு எப்படி பாப்பா படமாகும்? நாங்க என்ன கண்டோம்? நீ ஒரு மூலைல பேராவது எழுதி வெச்சிருக்கலாம்ல?"

"பட்டி மாமா, நீங்க பேசாதீங்க!"

"விரிசலப் பாத்துட்டு விட்டுட்டுப் போக என்னால ஆகாது" என்றாள் மேஸ்திரியம்மா. குரல் உயர்ந்தது. தப்பு தன் பக்கம் என்று தெரிந்தால் அவளுக்குக் குரல் உயரும். "இருவத்திரெண்டு வருஷமா இதத்தான் செய்றேன். நீ என்னன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்? அப்படி என்னடி அந்தக் கோடு?"

பெண் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். அம்மாவின் மடியில் போட்டாள். போட்டாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி.

மேஸ்திரியம்மா புரட்டினாள். நானும் பட்டியும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் அவளே இருந்தாள். மேலே போட்ட பழைய சட்டை, தலையில் கட்டிய துணி, கையில் ரோலர், காலடியில் டப்பா, ஏணியின் ஒவ்வொரு படியும். பக்கத்துக்குப் பக்கம் ஏணி போனது. டப்பா போனது. சட்டை மடிப்பு போனது. முகம் போனது. நூறாவது பக்கத்தில் ஒரு முதுகும் தூக்கிய கையும்தான் மிச்சம். அப்போதும் அது அவள்தான், சந்தேகமே இல்லை. கடைசியில் ஒரே ஒரு கோடு. குதிகாலில் ஆரம்பித்து முதுகு வழியாக ஏறி, கை நுனியில் முடிகிறது.

"இது நானா?" என்றாள்.

"பின்ன யாரு?"

"இருநூத்திச் சொச்சம் பக்கமா என்னையவா பாத்துக்கிட்டு இருந்த? சோறு போட்டேனா இல்லையான்னு நிமிந்து பாக்க மாட்ட, எப்படி..." கடைசிப் பக்கத்துக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு, "என்னை நானே கீறி எடுத்துட்டேனேடா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பட்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

மணி இரண்டரை. மறுநாள் பத்து மணிக்கு மதிப்பீடு. பலகை தயார், மேலே கோடுதான் இல்லை. "வந்தது திரும்ப வராதா? போடும்மா" என்று தைரியம் சொன்னேன். பெண் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, இருபது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் கசக்கி எறிந்தாள்.

"இது நேத்தையக் கோட்டப் பாத்து எழுதுற காப்பி. செத்துக் கெடக்கு. அம்மா, நீ ஏணில ஏறு. நான் மறுபடி பாக்கணும்."

மேஸ்திரியம்மா உடனே ஏறினாள். உலர்ந்த ரோலரைத் தூக்கினாள். அதோடு முடிந்தது கதை. கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, சாதாரணமா நில்லு!"

"சாதாரணமாத்தான்டி நிக்கிறேன்."

"நீ இப்படி என்னிக்கும் நின்னதே இல்ல!"

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படி நிக்கிறது? கூச்சமா இருக்கு."

"அக்கா, சிரிக்காத" என்றான் பட்டி. அவள் சிரிக்கவே இல்லை. ரோலர் அவன் தோளில் விழுந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே உங்கம்மாவுக்கு ஆள் பாக்குறது மறக்கும்? என் கடைப் பின்சுவரு அழுக்கேறிக் கெடக்கு. பெயிண்ட் கடைக்காரன் சுவரப் பாருன்னு ஊரே சிரிக்குது. வந்து அடிங்க. நிஜமா அடிக்கணும், ரெண்டு பூச்சு."

எல்லோரும் ஓடினோம். அலமாரியை நானும் பட்டியும் நகர்த்தினோம். நாலு விரற்கடை தூசு. பட்டி சுரண்டினான், நான் துடைத்தேன், பெண் ஒரு கவிழ்த்த டப்பாமேல் நோட்டோடு உட்கார்ந்தாள். வெளியே மழை விடாமல் கொட்டியது. ஒரு வாடிக்கையாளர் குடையை மடக்கிக்கொண்டு வந்து டர்பன்டைன் கேட்டார். "இன்னிக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்று விரட்டினேன். என் முப்பது வருஷத்தில் இருக்கிற சரக்கை இல்லை என்று சொன்னது அன்றுதான்.

முதல் கால் மணி நேரம் மேஸ்திரியம்மா போட்டோவிலேயேதான் இருந்தாள். அப்புறம் சுவர் அவளைப் பிடித்துக்கொண்டது.

"டேய், அங்க என்னடா மேடு? கண்ண எங்க வெச்சிருக்க?"

"அண்ணன் கடை அவசரம்னு..."

"அவசரம்னா? சுவருக்குத் தெரியுமாடா அவசரம்? தேய். இன்னும் தேய். அண்ணே, இந்த மூலைல தண்ணி இறங்குது, பாக்கவே இல்லையா நீங்க? வாய் கிழிய அடுத்தவனுக்கு யோசனை சொல்றீங்க."

"சொல்லு, சொல்லு" என்றேன். மேஸ்திரியம்மா ஏணியில் ஏறி, ரோலரை நனைத்து, மேல்மூலையிலிருந்து கீழே ஒரு இழுப்பு, மேலே ஒரு இழுப்பு. முழு உடம்பும் அந்தக் கையின் பின்னால் போனது. நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். டப்பாமேல் உட்கார்ந்திருந்த பெண்ணின் பென்சில் நிற்கவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினாள்.

உச்சிமூலைக்காக மேஸ்திரியம்மா குதிகாலைத் தூக்கி எக்கினாள். பாதியில் நின்றாள். இடது இடுப்பில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு மூச்சு விட்டாள். தம்பி பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி எக்கினாள். நான் பார்த்தேன். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டப்பாமேல் இருந்தவளின் பென்சில் நின்றிருந்தது. பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டில் ஒரே ஒரு கோடு போட்டாள். எழுந்தாள். படி ஏறி ஓடினாள்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சாம்பல் நிறத்தைக் கலக்கிவிட்டாள். மெல்லிய பிரஷ். பலகையைத் தரையில் படுக்கப்போட்டு, அதன் மேல் குனிந்து நின்றாள். பட்டி மூச்சை அடக்கினதில் கன்னம் உப்பிவிட்டது. நானும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் பரீட்சைக்கும் நான் இப்படி நின்றதில்லை.

கீழிருந்து கை புறப்பட்டது. மேலே ஏறியது, கொஞ்சம் வளைந்தது. பாதி தூரத்தில் பிரஷ்ஷைத் தூக்கினாள். இரண்டு விரல் அகலம் வெறும் வெள்ளை. அதைத் தாண்டி மறுபடி வைத்து, ஒரே இழுப்பில் உச்சி வரை கொண்டுபோனாள்.

"ஐயையோ, நடுவுல விட்டுப்போச்சு பாப்பா! காயறதுக்குள்ள சேத்துரு. தா, நான்..." என்று பட்டி கையை நீட்டினான்.

அந்தக் கையை மேஸ்திரியம்மா பிடித்தாள். "கைய எடுடா."

"இல்லக்கா, கொஞ்சூண்டு..."

"எடுன்னு சொல்றேன்ல."

மகளைப் பார்க்கவில்லை அவள். பலகையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அந்த வீட்டில் அவ்வளவு பாத்திரம் கிடையாது.

காலையில் மழை விட்டிருந்தது. சரக்கு ஏற்றுகிற என் வண்டியில் பலகையை நிறுத்தி, இரண்டு பக்கமும் நானும் பட்டியும் பிடித்துக்கொண்டு போனோம். கல்லூரியில் ஒரு நீளமான அறை. மற்ற பிள்ளைகளின் படங்களில் நிறம் கொட்டிக் கிடந்தது. மீன், முகம், நகரம், நெருப்பு. அவற்றுக்கு நடுவில் எங்கள் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம். மதிப்பீட்டு நேரத்தில் வீட்டார் உள்ளே இருக்கக் கூடாதென்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரியம்மா முன்னால் நின்றாள். நல்ல உடுப்புதான் உடுத்தியிருந்தாள். நகக்கண்ணில் மட்டும் என் கடைச் சுவர் மிச்சமிருந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, சிரிப்பே தெரியாத முகம். முன்னால் இருந்த படங்களுக்கு இரண்டிரண்டு நிமிஷம்தான் கொடுத்தார். எங்கள் பலகை முன்னால் வந்து நின்றார். கிட்டே போனார். தள்ளி வந்தார். மறுபடி கிட்டே போனார். பெண்ணின் வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கோடு பிடிச்சிருக்கு" என்றார் தேர்வாளர். "ஆனா நடுவுல அறுந்திருக்கே. பிரஷ்ல பெயிண்ட் தீந்துடுச்சா? இவ்வளவு குறைச்சலா ஒண்ணு பண்ணும்போது, இருக்கிற ஒரு கோட்டையாவது ஒழுங்காப் போட வேணாமா?"

பெண் வாயைத் திறந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸாகிவிடலாம். அது தன் வாயால் சொல்லக்கூடியது இல்லை என்பதுபோல் உதட்டை மூடிக்கொண்டாள்.

"தீரலைங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அறையே திரும்பியது. மேஸ்திரியம்மா வாசற்படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வந்திருந்தாள்.

"அது நானுங்க. ஏணி மேல நான் வேலை செய்றது. கோடு அறுந்த எடத்துல, இடுப்புல, எனக்கு வலிக்கும். ரெண்டு வருஷமா வலிக்குது. கை தூக்கினா வெட்டி இழுக்கும். வீட்ல யாருக்கும் சொல்லல. சொன்னா வேலைய விடச் சொல்லுவாங்க, இவ படிப்பு நின்னுரும்னு சொல்லல. எப்படிக் கண்டுபிடிச்சான்னு தெரியல."

"அக்கா!" என்றான் பட்டி. தினம் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறவன்.

தேர்வாளர் பெண்ணின் கையிலிருந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவசரமே படவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் மூடி, இரண்டு கையாலும் பெண்ணிடம் கொடுத்தார். தன் தாளில் எதையோ எழுதினார். பிறகு வாத்தியாரிடம், "கண்காட்சில வாசலுக்கு நேரா இருக்கிற பெரிய சுவர் இதுக்கு. பக்கத்துல வேற எதையும் மாட்டாதீங்க" என்றார்.

நான் பட்டியின் கையைப் பிடித்து நொறுக்கிவிட்டேன். அவனுக்கு அது தெரியவே இல்லை, அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேர்வாளர் அடுத்த படத்துக்கு நகர்ந்தவர் நின்றார். "அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார்.

பெண்ணே ஓடிப்போய் எடுத்து வந்து போட்டாள். வேண்டாம், நான் நிற்பேன் என்று மேஸ்திரியம்மா சொல்வாளென்று நினைத்தேன். சொல்லவில்லை. மகளின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, முகத்தைச் சுளித்து, "அம்மாடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, எல்லோரும் பார்க்க மெல்ல உட்கார்ந்தாள்.